சொல்லி முடிக்கும் வரை

டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம் இது. நிதானம் ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

1980களின் நடுவில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நார்ட்ஸ்ட்ராம் என்ற பெரிய துணிக்கடை. கடைக்குள்ளேயே ஓர் உணவகம். அங்கே எச்சில் தட்டுகளை எடுத்து, மேசை துடைத்து, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார் ஒருவர். ஆறடி எட்டங்குல உயரம். மணிக்கு 4 டாலர் 45 சென்ட் சம்பளம். சாப்பிட வந்தவர்களில் சிலருக்கு அந்த முகம் தெரியும். ‘இவர் அவர்தானே?’ என்று தங்களுக்குள் கிசுகிசுத்துக்கொள்வார்கள்.

அவரேதான். பாப் லவ். மைக்கேல் ஜோர்டன் வருவதற்கு முன்னால் சிகாகோ புல்ஸ் கூடைப்பந்து அணியைத் தோளில் சுமந்தவர். தொடர்ந்து ஏழு பருவங்கள் அந்த அணியில் அதிகப் புள்ளிகள் எடுத்தவர். மூன்று முறை ஆல்ஸ்டார் அணிக்குத் தேர்வானவர். முதுகுக் காயத்தால் 1977இல் ஆட்டத்தை விட்டார். ஓய்வு பெறும் வீரர்களுக்கு வர்ணனையாளர், பயிற்சியாளர், விளம்பரத் தூதர் என்று பல வழிகள் உண்டு. ஆனால் எல்லா வழியிலும் வாயைத் திறந்தாக வேண்டும். லவ் சிறு வயதிலிருந்தே கடுமையாகத் திக்குபவர். புகழின் உச்சியில் இருந்தபோதே நிருபர்கள் அவரைத் தாண்டிப் போய் அடுத்த வீரரிடம் மைக்கை நீட்டினார்கள். பத்திரிகை அச்சுக்குப் போகும் நேரத்தில், ஒரு வாக்கியம் முடியும்வரை நிற்க அவர்களுக்கு நேரமில்லை.

லவ் கறுப்பின அமெரிக்கர். லூசியானாவில் பாட்டியிடம் வளர்ந்தவர். திக்கலும் கறுப்பு நிறமும் ஒரே ஆளிடம் சேர்ந்து வந்தால் அமெரிக்காவில் அவருடைய அன்றாடம் எப்படி இருக்கும் என்பதைத்தான் இன்று பேசப்போகிறோம்.

முதலில் திக்கல் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். அது மூன்று விதமாக வெளிப்படும். ‘வா-வா-வாழைப்பழம்’ என்று ஓர் அசை திரும்பத் திரும்ப வரும். ‘ஸ்ஸ்ஸ்ஸாமி’ என்று ஓர் ஒலி நீண்டுகொண்டே போகும். மூன்றாவது அடைப்பு: வாய் திறந்திருக்கும், மூச்சு நின்றுவிடும், சத்தமே வராது. எதிரில் இருப்பவருக்கு அது வெறும் மௌனம். உள்ளே இருப்பவருக்கோ பூட்டிய கதவைத் தோளால் முட்டுகிற நேரம். அப்போது கண் சிமிட்டும், தலை வெட்டும், கை தொடையைத் தட்டும். சொல்ல வந்தது அவருக்கு மறந்துபோகவில்லை. அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மூச்சு, குரல்வளை, நாக்கு, உதடு எல்லாம் இமைப்பொழுதுக்குள் ஒன்றோடொன்று சேர வேண்டிய வேலை பேச்சு. கச்சேரியில் எடுப்பு தவறினால் எவ்வளவு பெரிய வித்வானும் ஒரு கணம் தடுமாறுவார் அல்லவா? திக்குபவருக்கு அந்த எடுப்புதான் சிக்கல்.

குழந்தைகளில் நூற்றுக்கு 5 பேர் அளவுக்கு, பெரும்பாலும் 2 வயதிலிருந்து 5 வயதுக்குள், ஏதோ ஒரு கட்டத்தில் திக்கத் தொடங்குவார்கள். அவர்களில் நான்கில் மூன்று பங்குப் பிள்ளைகளுக்கு அது போய்விடும். மிச்சம் நிற்பவர்கள் மக்கள்தொகையில் சுமார் 1 சதவீதம். அமெரிக்காவில் ஏறத்தாழ 30 லட்சம் பேர். பெரியவர்களில் ஒரு பெண் திக்கினால் நான்கு ஆண்கள் திக்குகிறார்கள். குடும்பத்தில் வழிவழியாக வருவதும் உண்டு. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த டென்னிஸ் டிரேனாவின் குழு பாகிஸ்தானியக் குடும்பங்களை ஆராய்ந்து, திக்கலோடு தொடர்புடைய மூன்று மரபணுக்களை 2010இல் அடையாளம் காட்டியது. ஆக, பயந்ததால் வந்தது, அம்மா அதட்டியதால் வந்தது என்று பெற்றவர்கள் தலையில் பழியைப் போடுவதற்கு இடமில்லை. நம் பக்கத்துப் பாட்டிகள் நாக்கில் வசம்பு தடவச் சொல்வதுபோல, அமெரிக்கத் தென்மாநிலங்களின் கறுப்பினக் குடும்பங்களிலும் கைவைத்தியமும் காரணக் கதைகளும் இருந்தன. குழந்தைக்கு அதிகமாகக் கிச்சுகிச்சு மூட்டினால் திக்கும் என்பது அவற்றில் ஒன்று.

கறுப்பினப் பிள்ளைகள்தான் அதிகம் திக்குகிறார்களா? பல காலம் அப்படி ஒரு பேச்சு இருந்தது. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஆடெல் பிராக்டர், எஹுட் யாய்ரி ஆகியோர் அந்த மாநிலத்தின் மழலையர் பள்ளிகளில் 2 முதல் 5 வயது வரையிலான 3,164 பிள்ளைகளை ஆராய்ந்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 2,223 பேர் கறுப்பினப் பிள்ளைகள். மற்றவர்கள் வெள்ளையினப் பிள்ளைகள். திக்கியவர்கள் மொத்தத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பேர். இனத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. திக்கல் நிறம் பார்ப்பதில்லை. கேட்கிறவர்கள் பார்க்கிறார்கள்.

இனி வாழ்க்கைத் தரத்துக்கு வருவோம். ஒரு நிமிடத்தில் எத்தனை முறை திக்கினார் என்று எண்ணுவது சுலபம். ஆனால் வாழ்க்கைத் தரம் அந்த எண்ணிக்கையில் இல்லை. ஒருவர் பத்து முறை திக்கிக்கொண்டே நிம்மதியாக வாழ்வார்; இன்னொருவர் ஒரு முறைகூடத் திக்காமல் நரகத்தில் இருப்பார். இந்த இரண்டாமவரை யோசித்துப் பாருங்கள். உணவகத்தில் கோழி வேண்டும். ‘சிக்கன்’ வாயில் வராது என்று தெரிந்து, பிடிக்காத மீனைக் கேட்டுச் சாப்பிட்டுவிட்டு வருவார். தொலைபேசி அடித்தால் எடுக்கமாட்டார். வகுப்பில் விடை தெரிந்தும் கை தூக்கமாட்டார். ஒரு சொல் வராது என்று தோன்றினால் வேறொரு சொல்லைப் போட்டுத் தப்பிப்பார். தன் பெயருக்கு மட்டும் மாற்றுச் சொல் கிடையாது. அதனால்தான் திக்குபவர்கள் பலருக்கும் சொல்லக் கடினமான சொல் அவரவர் பெயர். கலிஃபோர்னியாவின் ஜோசப் ஷீஹன் என்ற உளவியலாளர் இதைப் பனிப்பாறைக்கு ஒப்பிட்டார்: காதில் விழுவது மேலே தெரியும் முனை; வெட்கமும் அச்சமும் ஒதுங்குதலும் தண்ணீருக்கு அடியில் கிடக்கும்.

அந்த அடிப்பாகத்தை அளக்கவும் கருவி வந்தது. ஸ்காட் யாரஸ், ராபர்ட் குவெசல் என்ற இருவர் 2006இல் வெளியிட்ட கேள்வித்தொகுப்பு, எத்தனை முறை திக்கினீர்கள் என்பதோடு நிற்காமல், திக்கலைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், எங்கெங்கே பேசச் சிரமம், வேலை, நட்பு, மனநிறைவு எல்லாவற்றையும் அது எவ்வளவு அரித்திருக்கிறது என்று நூறு கேள்விகளில் கேட்கிறது.

பணக்கணக்கும் உண்டு. 2004இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், திக்குபவர்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் வேலையோ பதவி உயர்வோ கிடைக்கும் வாய்ப்பைத் திக்கல் குறைக்கிறது என்றார்கள். ஐந்தில் ஒருவர் தேடி வந்த வேலையையோ உயர்வையோ தாமே வேண்டாம் என்று சொல்லியிருந்தார். 2018இல் வெளியான இன்னோர் ஆய்வு, திக்குபவர்களின் ஆண்டு வருமானம் மற்றவர்களைவிடச் சுமார் 7,000 டாலர் குறைவு என்று கண்டது. கறுப்பினத்தவரின் சராசரி ஊதியம் ஏற்கெனவே வெள்ளையினத்தவரைவிடக் குறைவாக இருக்கும் நாட்டில், இந்தக் குறைவு அதன் மேல் வந்து உட்காருகிறது.

இன்னொரு டீ சொல்லட்டுமா? இனிமேல்தான் முக்கியமான பகுதி.

கறுப்பின அமெரிக்கச் சமூகத்தில் வாய்ப்பேச்சுக்கு இருக்கும் மரியாதை தனி. அடிமைக் காலத்தில் பல மாநிலங்களில் அவர்களுக்கு எழுத்தறிவு கொடுப்பதே சட்டப்படி குற்றம். கதை, பாட்டு, பிரசங்கம் என்று எல்லாம் நாக்கிலேயே வாழ்ந்தன. இன்றும் அவர்களுடைய தேவாலயத்தில் போதகர் ஒரு வரி சொன்னால் சபை பதில் வரி சொல்லும். இரண்டுக்கும் நடுவில் தாளம் உண்டு. தெருவில் பையன்களுக்கு ‘டஜன்ஸ்’ என்று ஒரு விளையாட்டு. எதிரியின் அம்மாவையே இழுத்து மாறி மாறி நையாண்டி செய்வார்கள். கோபப்பட்டவனோ தயங்கி நின்றவனோ தோற்றான். முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்தால் பேச்சுக்குப் பேச்சு உடனே விழ வேண்டும். இப்படிப்பட்ட இடத்தில் அடைப்பு விழுந்து ஐந்து நொடி நிற்கும் ஒரு பையனுக்கு என்ன மிஞ்சும்? வெளி உலகம் ஒதுக்கும்போது ஒருவர் போய் ஒதுங்குவது சொந்த ஜனங்களிடம்தான். அங்கேயும் அவன் ஓரத்தில் நிற்கிறான்.

பள்ளிக்கூடத்தில் இன்னொரு கணக்கு. வீட்டில் பேசும் கறுப்பின ஆங்கிலத்துக்குத் தனி இலக்கணம் உண்டு. அதைப் பிழை என்று நினைத்த ஆசிரியர்கள் ஏராளம். மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில், மார்ட்டின் லூதர் கிங் பெயரிலேயே இருந்த ஒரு தொடக்கப்பள்ளியில், ஏழைக் கறுப்பினப் பிள்ளைகள் கற்றல் குறையுள்ளவர்களாக முத்திரை குத்தப்பட்டார்கள். தாய்மார்கள் வழக்குப் போட்டார்கள். பிள்ளைகளின் வீட்டுமொழியை ஆசிரியர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நீதிபதி சார்லஸ் ஜாய்னர் 1979இல் தீர்ப்பளித்தார். இந்தக் குழப்பம் இரண்டு பக்கமும் வெட்டும். குறையே இல்லாத பிள்ளைக்குக் குறை ஒட்டப்படும். உண்மையிலேயே திக்கும் பிள்ளையின் திக்கல் ‘இவர்கள் பேச்சே இப்படித்தான்’ என்று கண்ணில் படாமல் போகும். வளர்ந்த பிறகு, வீட்டுப் பேச்சிலிருந்து அலுவலகப் பேச்சுக்கு நாக்கை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லையும் ஏற்கெனவே காவல் காக்கும் நாக்குக்கு இது மேலதிக வேலை.

காவலர் காரை மறிக்கிறார் என்று வையுங்கள். ‘பெயர் என்ன?’ மேலே சொன்னேனே, கடினமான சொல் அதுதான். கண் சிமிட்டுகிறது, தலை வெட்டுகிறது, பதில் வரவில்லை. சந்தேகக் கண்ணோடு பார்ப்பவருக்கு அது பொய்யாகவோ போதையாகவோ திமிராகவோ படும். கறுப்பின ஆணுக்கு அந்த ஐந்து நொடி எவ்வளவு ஆபத்தானது என்று செய்தி படிக்கும் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பார்வைக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பத்திரிகைகளில் தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தரச்சொல்லி எஜமானர்கள் விளம்பரம் கொடுப்பார்கள். உயரம், தழும்பு, சட்டையின் நிறம் இவற்றோடு, பேசும்போது திக்குவான் என்ற குறிப்பும் பல விளம்பரங்களில் இருக்கும். ஒருவரின் திக்கல் அவரைப் பிடிப்பதற்கான அங்க அடையாளமாக அச்சேறியது அப்போதே.

சிகிச்சைக்குப் போகலாம் அல்லவா? போகலாம். 1975இல் வந்த மத்தியச் சட்டத்தின்படி அரசுப் பள்ளிகள் இலவசமாகப் பேச்சுச் சிகிச்சை தர வேண்டும். ஆனால் அமெரிக்கப் பள்ளிகளின் வருமானத்தில் கணிசமான பங்கு அந்தந்த ஊர் வீட்டு வரி. ஏழை வட்டாரத்துப் பள்ளியில் ஒரே சிகிச்சையாளர் நிறையப் பிள்ளைகளைப் பார்க்க வேண்டியிருக்கும். பள்ளி முடிந்த பிறகு செலவு சொந்தக் கையில்; பல காப்பீட்டு நிறுவனங்கள் திக்கலுக்குப் பணம் தருவதில்லை. மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் சுமார் 13 சதவீதம். பேச்சுச் சிகிச்சையாளர்களில் அவர்கள் நூற்றுக்கு 4 பேர் அளவில்தான். டஜன்ஸ் விளையாட்டில் தோற்றதைச் சொன்னால், அது என்ன விளையாட்டு என்று கேட்காத சிகிச்சையாளர் கிடைப்பது அரிது. இதை மாற்றத்தான் கறுப்பினச் சிகிச்சையாளர்கள் 1978இல் தங்களுக்கென்று தேசியச் சங்கம் தொடங்கினார்கள். தாமே திக்குபவரான டெரெக் டேனியல்ஸ் என்ற கறுப்பினப் பேராசிரியர், கறுப்பின ஆண்கள் தங்கள் திக்கலையும் அடையாளத்தையும் வாழ்க்கைத் தேர்வுகளையும் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று அவர்களையே கேட்டு, சக ஆய்வாளர்களோடு 2006இல் ஆய்வுக்கட்டுரை எழுதினார்.

மனிதர்கள்தான் இப்படி என்றால் இயந்திரமும் அவர்களிடம்தானே கற்கிறது. பேச்சை எழுத்தாக்கும் ஐந்து பெரிய நிறுவனங்களின் மென்பொருள்களை 2020இல் சோதித்தார்கள். வெள்ளையினத்தவர் பேசியதில் நூற்றுக்கு 19 சொற்கள் தவறின. கறுப்பினத்தவர் பேசியதில் 35. அதோடு திக்கலும் சேர்ந்தால், வங்கிக்குப் போன் போட்டு, ‘மன்னிக்கவும், புரியவில்லை’ என்ற பதிவுக் குரலைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இந்த இடத்தில் யாராவது, ‘ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸ் ஜெயிக்கவில்லையா?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ‘தி லயன் கிங்’ படத்தில் முஃபாசாவுக்கும் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் டார்த் வேடருக்கும் குரல் கொடுத்த அந்த மனிதர், 1931இல் மிசிசிப்பியில் பிறந்து மிச்சிகனில் வளர்ந்தவர். திக்கலால் சுமார் எட்டு ஆண்டுகள் ஊமை போலவே இருந்தார். உயர்நிலைப் பள்ளியில் டொனால்ட் கிரவுச் என்ற ஆசிரியர், பையன் எழுதிய கவிதையைப் பார்த்து, ‘இது நீ எழுதியதுதான் என்றால் பார்க்காமல் சொல்லு’ என்று வகுப்பின் முன் நிறுத்தினார். திக்காமல் சொன்னான். பாடகர் பில் விதர்ஸ் மேற்கு வர்ஜீனியாவின் சுரங்க ஊரில் பிறந்து, 28 வயது வரை திக்கி, கடற்படையிலும் தொழிற்சாலையிலும் வேலை பார்த்துவிட்டு, 1971இல் உலகம் முழுக்கக் கேட்ட பாடகரானார். மனப்பாடமாகத் தெரிந்ததைச் சொல்லும்போதும், தாளத்தோடு பாடும்போதும், பலரோடு சேர்ந்து ஒரே குரலில் சொல்லும்போதும் திக்கல் பெரும்பாலும் விலகி நிற்கும். தாளம் வெளியிலிருந்து எடுப்பைக் கொடுத்துவிடுகிறது.

ஆனால் ஜோன்ஸ் கடைசிவரை தன்னைத் திக்குபவராகவே சொல்லிக்கொண்டார். குணமாகிவிட்டது என்று அவர் சொல்லவில்லை. இந்த வெற்றிக் கதைகளைச் சுவரில் மாட்டிவிட்டு, ‘நீயும் முயன்றால் முடியும்’ என்று ஒரு பிள்ளையிடம் சொல்லும்போது, திக்காமல் பேசினால்தான் உனக்கு இடம் என்றும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். முயன்றும் திக்குகிற பிள்ளை அதைத் தன் தோல்வி என்று எடுத்துக்கொள்ளும். இந்தக் காலச் சிகிச்சையாளர்கள் பலர் இலக்கையே மாற்றிக்கொண்டார்கள்: திக்கினாலும் சொல்ல வந்ததைச் சொல்லி முடிப்பது, பயந்து ஒதுங்காதிருப்பது. கூடைப்பந்து வீரர் மைக்கேல் கிட்-கில்கிறிஸ்ட் ஒரு படி மேலே போனார். திக்கலோடு வளர்ந்த இந்தக் கறுப்பின இளைஞர் தன் ஆட்டக் காலத்துக்குப் பிறகு அமைப்பு ஒன்றைத் தொடங்கி, சிகிச்சைச் செலவைக் காப்பீடு ஏற்க வேண்டும் என்று மாநிலம் மாநிலமாகச் சட்டமன்றங்களில் போய்ப் பேசிவருகிறார். திக்கிக்கொண்டேதான் பேசுகிறார்.

இன்னும் ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஜெரோம் எல்லிஸ், கறுப்பினக் கவிஞர், இசைக்கலைஞர். தன் பெயரில்தான் அதிகம் திக்குகிறார் என்பதால் பெயரின் முதல் எழுத்தை ஐந்து முறை போட்டு ‘ஜஜஜஜஜெரோம்’ என்றே எழுதுகிறார். 2020 புத்தாண்டு நாளில் நியூயார்க்கில் ஒரு கவியரங்கம். ஒவ்வொருவருக்கும் சில நிமிடங்கள்தான். எல்லோருக்கும் ஒரே நேரம் என்பது பார்க்கச் சமத்துவம். ஆனால் தன் வாயிலிருந்து ஒரு சொல் எப்போது வரும் என்று தனக்கே தெரியாதபோது அந்தச் சமத்துவத்துக்குத் தான் எங்கே போவது என்ற கேள்வியையே அவர் தன் நிகழ்ச்சியாக்கினார். வேண்டுமென்றே நேரத்தைத் தாண்டிப் பேசினார். சபை காத்திருந்தது. தப்பியோடிய அடிமைகளைப் பற்றிய அந்தப் பழைய விளம்பரங்களையும் அவர் தேடி எடுத்து, பின்னாளில் நூலாக்கினார். பிடிப்பதற்கு அடையாளமாக இருந்த திக்கல் அங்கே மூதாதையரின் குரலாகிறது.

பாப் லவ் கதையைப் பாதியில் விட்டுவிட்டேன். கடை உரிமையாளர் குடும்பத்தில் ஒருவர் அவரைக் கூப்பிட்டு, வேலையில் மேலே வர வேண்டுமானால் பேச்சுச் சிகிச்சை எடுத்துக்கொள்ளுங்கள், செலவு எங்களுடையது என்றார். அப்போது லவுக்கு வயது 45. அதுவரை அவருக்கு அதைக் கொடுக்க யாரும் முன்வரவில்லை. கொஞ்ச காலத்தில் அதே நிறுவனத்துக்காக மேடையேறிப் பேசினார். 1990களின் தொடக்கத்தில் சிகாகோ புல்ஸ் அவரை மக்கள்தொடர்புப் பொறுப்பில் அழைத்துக்கொண்டது. வேலையே பள்ளி பள்ளியாகப் போய்ப் பேசுவது. 1994 ஜனவரியில் அவருடைய 10ஆம் எண் சட்டைக்கு அணி ஓய்வு கொடுத்துக் கௌரவித்தது. 2024 நவம்பரில், தம் 81ஆம் வயதில் இறந்தார். ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸ் இறந்து இரண்டு மாதம் கழித்து.

உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ திக்கிப் பேசுபவர் ஒருவர் இருக்கக்கூடும். நூற்றுக்கு ஒருவர் என்பது சின்ன எண்ணிக்கை இல்லை. அவர் பேசும்போது சொல்லை எடுத்துக் கொடுக்காதீர்கள். ‘மெதுவாப் பேசு, மூச்சை இழுத்து விடு’ என்று வைத்தியம் சொல்லாதீர்கள். கண்ணை வேறு பக்கம் திருப்பாதீர்கள். அவர் முடிக்கட்டும், பிறகு நீங்கள் பேசுங்கள். அதற்குள் டீ ஆறிவிட்டால், சூடு பண்ணிக்கொள்ளலாம்.